கம்பாட்டிபிள் கார்ட்ரிட்ஜ் போட்ட பிறகு பிரிண்டர் மக்கர் செய்கிறதா?

கம்பெனி கார்ட்ரிட்ஜின் விலையைப் பார்த்துவிட்டு, மலிவாகக் கிடைத்த, வேறு கம்பெனி தயாரித்த கம்பாட்டிபிள் ஒன்றை வாங்கிப் போட்டிருப்பீர்கள். அல்லது பழையதையே கடையில் கொடுத்து ரீஃபில் செய்து வந்திருப்பீர்கள். இப்போது பிரிண்டர் முரண்டு பிடிக்கிறது. பெரும்பாலும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். ஆனால் பலரும் முதலில் செய்வது, கம்ப்யூட்டரில் ‘ஹெட் கிளீனிங்’ பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவதுதான். அதை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

படி 1: ஹெட் எங்கே இருக்கிறது?

மையைத் தாளில் தெளிக்கிற பகுதிதான் ஹெட். எச்.பி. டெஸ்க்ஜெட்டில் போடும் 803, 680 போன்றவற்றிலும், கேனானின் 745, 746-இலும் ஹெட் கார்ட்ரிட்ஜோடு ஒட்டியே வருகிறது. கழற்றிப் பாருங்கள்; அடியில் சின்ன உலோகத் தகடும், பக்கவாட்டில் செம்பு நிறப் புள்ளிகளும் தெரிந்தால் இந்த வகை. எப்சனில் ஹெட் மெஷினுக்குள் இருக்கிறது. கார்ட்ரிட்ஜும் டேங்க்கும் மையை வைத்திருப்பதோடு சரி.

இது தெரியாமல் எதையும் தொடக்கூடாது. முதல் வகையில் என்ன கெட்டாலும் அநேகமாக ஒரு கார்ட்ரிட்ஜோடு போகும். இரண்டாவது வகையில் ஹெட் போய்விட்டால், புது பிரிண்டரே வாங்கிவிடலாமா என்று யோசிக்க வைக்கும் செலவு.

படி 2: கார்ட்ரிட்ஜையே ஏற்கவில்லை என்றால்

பிரிண்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்குங்கள். நூல் விடாத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் லேசாகத் தொட்டு, கார்ட்ரிட்ஜின் செம்புப் புள்ளிகளையும், அவை போய் உட்காரும் இடத்தில் உள்ள ஊசிகளையும் துடையுங்கள். நன்றாகக் காயவிட்டு மறுபடி போடுங்கள். ரீஃபில் செய்தபோது வழிந்த மைதான் பல நேரம் குற்றவாளி.

நேற்றுவரை ஓடிய கம்பாட்டிபிள் இன்று திடீரென்று ‘பொருந்தாது’ என்று வருகிறதா? அப்படியானால் ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட்டைச் சந்தேகப்படுங்கள். 2016 செப்டம்பரில் எச்.பி.யின் ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் பலவற்றில் வேறு கம்பெனிச் சிப் உள்ள கார்ட்ரிட்ஜ்கள் இப்படித்தான் நின்றுபோயின. ‘டைனமிக் செக்யூரிட்டி’ என்பது அந்த ஏற்பாட்டின் பெயர். பிரிண்டர் செட்டிங்ஸில் தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். ஏற்கெனவே அப்டேட் ஆகிவிட்டதென்றால், விற்றவரிடம் புதிய சிப் உள்ளதை மாற்றிக் கேளுங்கள். எச்.பி.யின் அசல் கார்ட்ரிட்ஜை ரீஃபில் செய்தால் இந்தத் தொல்லை பொதுவாக வராது, ஏனென்றால் சிப் அவர்களுடையதுதான். என்னைக் கேட்டால் கம்பாட்டிபிளைவிட ரீஃபில்தான் மேல்.

படி 3: மை இருந்தும் ‘தீர்ந்துவிட்டது’ என்றால்

ஹெட் ஒட்டிய கார்ட்ரிட்ஜில் எவ்வளவு மை இருக்கிறது என்று பிரிண்டர் எட்டிப் பார்ப்பதில்லை. எத்தனை துளி தெளித்தோம் என்று கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். நீங்கள் நிரப்பியது அதற்குத் தெரியாது. எச்.பி.யில் வரும் எச்சரிக்கைக்கு ஓகே கொடுத்தால் போதும். கேனானில் 1686 அல்லது 1688 என்ற எண் வந்தால், ஸ்டாப் பட்டனை 5 விநாடிக்குக் குறையாமல் அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு மை அளவு காட்டாது. எழுத்து மங்கியதும் நீங்கள்தான் நிறுத்த வேண்டும். எச்.பி., கேனான் ஹெட்டுகள் மையைச் சூடாக்கித் தெளிப்பவை. மை இல்லாமல் ஓட்டினால் கருகிவிடும்.

படி 4: வெள்ளைக் கோடு, வராத நிறம்

முதலில் நாசில் செக் (ஹெட்டின் நுண்துளைகள் எல்லாம் மை விடுகின்றனவா என்று காட்டும் சோதனைப் பக்கம்) ஒன்று அடித்து, எந்த நிறம் விடுபடுகிறது என்று பாருங்கள். பிறகு கார்ட்ரிட்ஜைக் கழற்றி, அடியில் உள்ள பாதுகாப்பு டேப் முழுதாக உரிந்திருக்கிறதா, மேலே காற்றுத் துளை திறந்திருக்கிறதா என்று கவனியுங்கள். ரீஃபில் செய்பவர்கள் சிலர் மேல் துளைகளை மொத்தமாக ஒட்டிவிடுவார்கள். உள்ளே காற்று போகாவிட்டால் மை கீழே இறங்காது. சில பக்கம் நன்றாக வந்து அப்புறம் மங்கும்.

அதெல்லாம் சரியாக இருந்தால் அடைப்புதான். டிஸ்டில்டு வாட்டரை வெதுவெதுப்பாக்கி, டிஸ்யூவை நனைத்து மடித்து, கார்ட்ரிட்ஜின் உலோகத் தகட்டை அதன்மேல் ஒன்றிரண்டு நிமிடம் வையுங்கள். கலர் கார்ட்ரிட்ஜ் என்றால் நீலம், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் தனித்தனியாகப் பதிய வேண்டும். மூன்றும் பதிந்தால் போட்டு அடித்துப் பார்க்கலாம்.

எப்சன்காரர்களுக்கு இந்த வழி இல்லை. ஒரு கிளீனிங், ஒரு நாசில் செக் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மூன்று முறைக்கும் சரியாகவில்லை என்றால் அணைத்துவிட்டு, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் பாருங்கள். குழாயில் சிக்கிய காற்றுக் குமிழி பல சமயம் தானாக விலகிவிடும். ஒவ்வொரு கிளீனிங்கிலும் வீணாகும் மை உள்ளே இருக்கும் பஞ்சில் போய்ச் சேருகிறது. பஞ்சு நிறைந்துவிட்டதாகக் கணக்கு வந்தால் மெஷின் அச்சடிக்க மறுத்துவிடும்; அதற்குத் தனிச் செலவு.

டை மை (நிறம் கரைந்திருக்கும் வகை) கேட்கும் பிரிண்டரில் பிக்மென்ட் மையை (நிறம் நுண்துகள்களாக இருக்கும் வகை) ஊற்றியிருந்தால் மேலே சொன்ன எதுவும் நிலையாக உதவாது. பாட்டிலில் என்ன வகை என்று எழுதாத மையை வாங்காதீர்கள்.

இவ்வளவுக்கும் மசியவில்லையா? கைவசம் வேலைசெய்யும் அசல் கார்ட்ரிட்ஜ் இருந்தால் போட்டு ஒரு பக்கம் அடியுங்கள். அது ஒழுங்காக வந்தால் மெஷினில் கோளாறு இல்லை. கம்பாட்டிபிளைப் பில்லோடு கடைக்கு எடுத்துப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.