போர் விட்டுச் சென்றதைப் படமெடுப்பது: சுங்கை சிப்புட் தோட்டங்களை முன்வைத்து ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற ஒரு ரப்பர்த் தோட்டப்புற ஊரில் போரின் தடயத்தைப் படமெடுக்கச் செல்பவருக்கு இடிந்த கட்டடமோ குண்டுத் துளையோ பெரும்பாலும் கிடைக்காது. ஜப்பானியர் அன்றைய மலாயாவின் கோத்தா பாருவில் தரையிறங்கியது 1941 டிசம்பர் 8ஆம் தேதி. அன்று பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார். நேரில் கண்டவர்களைத் தேடிப்பிடித்து அவர்கள் கலங்கும் தருணத்தைப் பதிவு செய்வதுதான் இந்த வேலை என்று எண்ணிப் புறப்பட்டால் ஏமாற்றமே மிஞ்சும். அவர்களுடைய பிள்ளைகளின், பேரப்பிள்ளைகளின் வீட்டில் அந்தக் காலம் எந்த வடிவில் இன்னும் இருக்கிறது என்பதைப் படமாக்கவே இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

கேமராவைத் தொடும் முன் இரண்டு காலங்களைப் பிரித்துப் படித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, பெரியவர்கள் 'ஜப்பான்காரன் காலம்' என்று சொல்லும் 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகள். சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை அந்தக் காலத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபர் 17ஆம் தேதி இணைக்கப்பட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுடன், ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆசியத் தொழிலாளர்களும் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் பெருந்தொகையினர். காலரா, மலேரியா, வயிற்றுப்போக்கு, ஆறாத புண், பட்டினி ஆகியவற்றால் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் அளவில் இருப்பார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. இரண்டாவது, காட்டிலிருந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்ததும் இந்த ஊரை உலகச் செய்திகளில் இடம்பெறச் செய்ததுமான அவசரகாலம். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. முள்வேலி, ஊரடங்கு, அடையாள அட்டைப் பதிவு, வேலைக்குப் போகும்போது காட்டிலிருந்தவர்களுக்குச் சோறு எடுத்துச் செல்கிறார்களா என்று நடந்த சோதனை ஆகியவை இந்தக் காலத்துக்கு உரியவை. வீட்டுப் பெரியவர்களின் பேச்சில் இவ்விரண்டும் கலந்தே வரும். கேட்பவருக்கு வேறுபாடு தெரிந்திருந்தால்தான் படத்துக்கு அடியில் சரியான ஆண்டை எழுத முடியும்.

ஊருக்குள் நுழைவதற்கு ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரையோ தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவரையோ அணுகுவது நல்லது. லயங்களும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மயானமும் நிறுவன நிலத்தில் இருந்தால் தோட்ட அலுவலகத்தின் அனுமதியும் தேவை. முதல் சந்திப்பில் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். பெரியவர்களைப் 'பாட்டி', 'தாத்தா' என்று அழைத்து, உங்கள் சொந்த ஊரையும் எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்பதையும் முதலில் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இந்த வேலையில் மிகக் கடினமானது இல்லாத ஒருவரைப் படமெடுப்பது. சயாமுக்குப் போய்த் திரும்பாத பலரைப் பற்றி வீட்டுக்கு மரணச் செய்தியே வரவில்லை. தாய்லாந்திலுள்ள காஞ்சனபுரிப் போர் மயானத்தில் நேச நாட்டுக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் உண்டு. ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. கணவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத பெண் பொட்டு வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. மூத்த மகன் பள்ளியை விட்டுப் பால் வெட்ட மரத்துக்குப் போக வேண்டியிருந்தது. அந்த மகன் படிக்காததால் அவனுடைய பிள்ளைகளின் வாழ்க்கையும் வேறு திசையில் போயிருக்கக்கூடும். இதுதான் நாம் பதிவு செய்ய வந்த 'நீடித்த விளைவு'. ஆகவே தனி முகம் ஒன்றைத் தேடாமல், குடும்பத்தின் வம்சாவளியை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். சயாமுக்குப் போனவரின் பெயர் எந்தக் கிளையில் நிற்கிறதோ, அந்தக் கிளையில் இன்று இருப்பவர்களை ஒன்றாகவோ தனித்தனியாகவோ அவர்களுடைய அன்றாட வேலையின் நடுவே படமெடுங்கள். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் படையல் போடும் வழக்கமுள்ள வீடு என்றால், ஆடி அமாவாசைக்கோ தை அமாவாசைக்கோ வரலாமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். படையலில் யாருக்கு எது பிடிக்கும் என்று வைக்கிறார்கள், புகைப்படமே இல்லாதவருக்கு எதை முன்னால் வைக்கிறார்கள் என்பதை நிதானமாகப் பார்த்து எடுக்க வேண்டும். இப்படி வரும் படத்துக்கு அழுகை தேவையில்லை.

பொருள்களுக்கும் இதே அளவு கவனம் கொடுங்கள். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ஷோமெய் தோமத்சு 1961இல் நாகசாகியில் எடுத்த ஒரு படத்தில் 11:02 மணியில் நின்றுபோன கைக்கடிகாரம் மட்டுமே இருக்கிறது. அணுகுண்டு வெடித்த நேரம் அது. நம் வீடுகளில் பெட்டியின் அடியில் கிடக்கும் வாழைமர நோட்டு (ஜப்பானியர் வெளியிட்ட, வாழைமரப் படம் போட்ட பணம்), பழைய அடையாள அட்டை, பால் வெட்டும் கத்தி ஆகியவற்றை, அவை வழக்கமாக வைக்கப்பட்டிருக்கும் இடத்திலேயே ஒரு முறையும், வெள்ளைத் துணியின்மேல் ஒரு முறையும் எடுங்கள். அட்டையிலுள்ள எண்ணை மறைத்துவிடுங்கள். மரவள்ளிக்கிழங்கைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் பாட்டி இருப்பார். அரிசி தீர்ந்துவிடக் கூடாதென்று மூட்டையாக வாங்கிச் சேர்ப்பவரும் இருப்பார். அந்தப் பழக்கம் அடுப்படியில்தான் தெரியும். அங்கே போக அந்த வீட்டுப் பெண்கள் அழைக்கும்வரை காத்திருங்கள்.

பழைய புகைப்படங்களை நகலெடுக்கும்போது ஆல்பத்தில் ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். நேர் வெயில் படாத சன்னலோரத்தில் படத்தைச் சமதளமாக வைத்து, கேமரா அதற்கு நேர் எதிரே சாயாமல் இருக்கும்படி முக்காலியில் பொருத்தி, லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணியைப் பிடித்தால் கண்ணாடியில் நம் நிழல் விழாது. பின்புறத்தையும் எடுக்க மறக்க வேண்டாம்: ஸ்டூடியோ முத்திரையும் பென்சிலில் எழுதிய பெயரும் அங்கேதான் இருக்கும். வண்ணம் ஏற்றுவதும், செயலி கொண்டு முகத்தைத் 'தெளிவாக்குவதும்' கூடாது. இயந்திரம் வரைந்த கண்ணைப் பேரன் தன் தாத்தாவின் கண் என்று நம்பிவிடுவான்.

உருவப்படத்துக்கு 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று போதும். நல்ல கைபேசியும் போதும். தகரக் கூரை லயத்தின் உட்புறம் இருட்டானது. பிளாஷ் போடாமல், வாசலிலிருந்து பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி உட்காரச் சொல்லி, கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 1600 அல்லது 3200க்கு உயர்த்துங்கள். காலை ஏழரை முதல் ஒன்பதரை வரையிலான ஒளி மென்மையானது. பிற்பகலில் இடிமழை வழக்கம் என்பதால் வெளிப்புற வேலையை முற்பகலிலேயே முடித்துவிடுவது நல்லது. கறுப்பு வெள்ளையில் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீலச் சுவரும் பிளாஸ்டிக் நாற்காலியும் வண்ணத்தோடு இருந்தால்தான் இது இன்று நடப்பது என்பது பார்ப்பவருக்கு உறைக்கும்.

ரப்பர்க் காடுகள் செம்பனையாக (எண்ணெய்ப்பனையாக) மாறிவிட்ட இடங்களில், தொழிலாளர்கள் காலையில் பெயர் கொடுக்கக் கூடிய பெரட்டுக்களமும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையும் இருந்த இடத்தைக் காட்டக்கூடிய ஒருவரை அழைத்துச் சென்று, அவர் நின்று காட்டும் இடத்திலிருந்தே எடுங்கள்.

படக்குறிப்பில்தான் இந்த வேலையின் நேர்மை தெரியும். யார், எங்கே, எப்போது எடுத்தது என்பதோடு, சொல்லப்படும் செய்தி யாருடைய நினைவு என்பதையும் எழுத வேண்டும். 'தாத்தா 1943இல் சயாமில் காலராவில் இறந்தார்' என்று எழுதாமல், 'தம் தந்தை சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை என்று மகள் கூறுகிறார். காலரா என்பது உடன் சென்று மீண்ட பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன செய்தி' என்று எழுதினால், பின்னால் வரும் ஆய்வாளருக்கும் குடும்பத்துக்கும் பயன்படும். தெலுங்கு, மலையாளம் பேசிய குடும்பங்களும் தோட்டங்களில் இருந்ததால், பெயர்களை அவர்கள் உச்சரிக்கும் முறையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்புதலைத் தமிழில் எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டி வாங்குங்கள். எங்கே வெளியாகும், பெயர் வரலாமா, பின்னர் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்யப்படும் என்பவை அதில் இருக்க வேண்டும். மகன் கையெழுத்துப் போட்டாலும் பாட்டி தலையசைக்கவில்லையென்றால் அது ஒப்புதல் ஆகாது. இணையத்தில் போடும் முன் கோப்பிலுள்ள இருப்பிடத் தகவலை நீக்குங்கள். படம் அச்சானவுடன் முதல் பிரதி அந்த வீட்டுக்குப் போக வேண்டும். மூலக் கோப்புகளை இரண்டு தனித்தனி வட்டுகளில் வைத்து, மூன்றாவது நகலை வேறோர் ஊரில் வையுங்கள். குடும்பம் சம்மதித்தால் தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு ஒரு தொகுப்பைக் குறிப்புகளோடு கொடுங்கள். கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திடமும் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். எங்கே கொடுத்தாலும், எந்தப் படத்தை யார் பார்க்கலாம், யார் அச்சிடலாம் என்ற குடும்பத்தின் நிபந்தனையைத் தொகுப்பின் முதல் தாளாக வையுங்கள்.