ஊழியர்களின் ஊக்கத்தைக் குலைக்கும் தவறுகள்

சென்னையின் அலுவலகங்களிலும் பட்டறைகளிலும் தீபாவளி போனஸ் கொடுத்து முடித்த சில வாரங்களில் மேலாளர்களிடமிருந்து ஒரு புகார் எழும்: "கேட்டதையெல்லாம் கொடுத்தும் வேலையில் ஈடுபாடு வரவில்லையே!" மனக்குறையைப் போக்குவதும் வேலையில் ஆர்வத்தை ஏற்படுத்துவதும் ஒன்றே என்று கருதுவதுதான் இந்தப் புகாருக்குக் காரணம், என் பார்வையில் மேலாளர்கள் செய்யும் தவறுகளில் இதுவே பெரியது.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு 1959-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது. சம்பளம், மேற்பார்வை, பணிச்சூழல் ஆகியவற்றில் குறையிருந்தால் அதிருப்தி வளரும். குறை நீங்கினால் அதிருப்தி அடங்கும், அவ்வளவே. ஈடுபாடோ, சாதித்த நிறைவிலிருந்தும் அங்கீகாரத்திலிருந்தும் பொறுப்பிலிருந்தும் பிறக்கிறது என்றார் அவர். அவருடைய ஆய்வுமுறையைப் பின்னர் பலர் விமர்சித்தார்கள் என்றாலும், இந்தப் பாகுபாடு மேலாளருக்கு இன்றும் கைகொடுக்கிறது. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டத்தில் பின்னர் செய்யப்பட்ட திருத்தம், சம்பளத்தில் 8.33 சதவீதத்தைக் குறைந்தபட்ச போனஸாக வகுத்தது. ஊழியர் அதைத் தமக்கு உரியதாகவே பார்க்கிறார், அப்படிப் பார்ப்பதே நியாயமும்கூட. அதைத் தாமதித்தால் கோபம் வரும். ஆனால் உரிய நேரத்தில் கொடுத்ததற்காக உற்சாகத்தை எதிர்பார்க்க முடியாது. இதனால் சம்பளம் முக்கியமில்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. மாதக் கடைசியில் வாடகைக்குத் திண்டாடும் ஒருவரிடம் பொறுப்பையும் அங்கீகாரத்தையும் பற்றிப் பேசுவது அவரை அவமதிப்பதாகும்.

விருப்பத்தோடு நடக்கும் வேலைக்கு விலை நிர்ணயிப்பது இன்னொரு தவறு. 1973-இல் அமெரிக்க உளவியலாளர் மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகளிடம் வரையும் ஆர்வம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. சொல்லாமல் சான்றிதழ் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் அந்தச் சரிவு இல்லை. புதிதாகச் சேர்ந்தவருக்குத் தானாக முன்வந்து வேலை சொல்லித்தரும் மூத்த ஊழியருக்கு, ஆளுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை அறிவிக்கும் முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். யாருக்கும் பிடிக்காத, அலுப்பூட்டும் வேலைகளுக்கு இந்த எச்சரிக்கை அவ்வளவாகப் பொருந்தாது.

ஓசையில்லாமல் அதிகம் கெடுப்பது, தேர்ந்தவரின் கையைக் கட்டிப்போடுவது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சி.என்.சி. ஆப்பரேட்டரை, அதாவது கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் இயந்திரத்தை இயக்குபவரை, எடுத்துக்கொள்வோம். வெட்டும் டூல் தேய்வதால் துளையின் அளவு மெல்ல விலகுவதை அவர் அளந்தே கண்டுபிடித்துவிடுகிறார். அதைச் சரிசெய்ய எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆஃப்செட், அதாவது டூலின் நிலைக்கான திருத்த அளவு, மாற்ற வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் சூப்பர்வைசர் கையெழுத்திடாமல் எதையும் தொடக்கூடாது என்பது விதி. முதலில் அவரே ஓடிப்போய் அழைத்துவருவார். நாளடைவில், ரிஜெக்ட் ஆன பிறகு யாராவது கேட்கட்டும் என்று இருந்துவிடுவார். அதைப் பார்த்துவிட்டு, "இவர்களுக்குப் பொறுப்பே இல்லை" என்று சொல்லும் மேலாளர், தாம் பிடுங்கிக்கொண்ட ஒன்றைத்தான் அவரிடம் தேடுகிறார். உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வகுத்த கோட்பாட்டின்படி, சுயமாக முடிவெடுப்பது, திறமையை உணர்வது, பிறரோடு பிணைப்பு ஆகிய மூன்றும் மனிதரின் அடிப்படைத் தேவைகள். அந்த ஒரே விதி முதல் இரண்டையும் பறித்துவிடுகிறது. இத்தனை மைக்ரான்வரை அவரே மாற்றிப் பதிவேட்டில் எழுதலாம், அதற்கு மேல் போனால் அழைக்க வேண்டும் என்று எல்லை வகுத்தால், தரத்துக்கும் பங்கமில்லை, அவருடைய மதிப்புக்கும் குறைவில்லை.

பாராட்டும் இதைப் போலத்தான். "சூப்பர்" என்ற பொதுச்சொல்லைவிட, எந்தப் பிழையை எந்தக் கட்டத்தில் அவர் தடுத்தார் என்று குறிப்பிட்டுச் சொல்வதே, அவருடைய வேலையை நாம் கவனித்தோம் என்பதைக் காட்டும். ஆளுக்கு ஆள் தேவை வேறுபடுவதால், ஊகிப்பதைவிடக் கேட்பது நல்லது. ஆண்டுக்கொருமுறை வரும் அப்ரைசல் நாளில் கேட்டால், சம்பள உயர்வை மனத்தில் வைத்தே பதில் வரும். சாதாரணமான ஒரு வாரத்தில், "உங்கள் வேலையில் எந்த முடிவை நீங்களே எடுக்க முடிந்தால் நன்றாக இருக்கும்?" என்று கேட்டு, கிடைக்கும் பதில்களில் ஒன்றையாவது அந்த மாதத்திலேயே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.