துக்க வீட்டில் வசனம் சொல்வதற்கு முன்

முப்பது வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஆற்றுப்படுத்துதல் (கவுன்சலிங்) படித்து, நாகர்கோவில் பக்கம் எங்கள் சபையில் துக்கப்படுகிறவர்களோடு உட்கார்ந்து பேசி வருகிறேன். இந்த ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, “எந்த வசனம் சொல்லணும் அக்கா?” என்பதுதான். முதல் தடவை போகும்போது எதுவும் வேண்டாம் என்பேன்.

ஒரு தாயிடம் கற்றது இது. பத்தொன்பது வயது மகன் பைக் விபத்தில் போய்விட்டான். அடக்க ஆராதனை முடிந்து நாலாம் நாள் போய், “சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது” என்று ரோமர் 8:28-ஐ வாசித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “இதுல என்ன நன்மை, நீங்களே சொல்லுங்க” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அதற்கப்புறம் ஆறு மாதம் அவர் சபையில் யாரோடும் பேசவில்லை. வசனத்தில் குறையில்லை. அது அந்தத் தாய் ஒருநாள் தானாகச் சொன்னால் விசுவாசம். நாலாம் நாள் நான் போய்ச் சொன்னால் அழாதே என்று வாயை அடைப்பது.

ஆகவே முதலில் உட்காருங்கள். வேதத்தில் பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் நல்லது அதுதான். வாயைத் திறந்த பிறகுதான் அவனைப் புண்படுத்தினார்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லி, “அன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சு?” என்று கேளுங்கள். அதே கதையைப் பத்து முறை சொல்வார்கள். பத்து முறையும் கேளுங்கள்.

யோவான் சுவிசேஷத்தின் 11-ம் அதிகாரத்தை இந்த வேலைக்கு வருகிற எல்லோரும் மெதுவாக ஒருமுறை படிக்க வேண்டும். லாசரு இறந்து நாலு நாள். அவனுடைய சகோதரி மார்த்தாள் இயேசுவை எதிர்கொண்டு வந்து, “நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்” என்கிறாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு சகோதரி மரியாளும் வந்து அதையே சொல்கிறாள். மார்த்தாளோடு இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மரியாளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை, கண்ணீர் விடுகிறார். கேள்வி ஒன்றுதான், ஆனால் ஒருத்திக்குத் தேவைப்பட்டது பேச்சு, இன்னொருத்திக்குக் கண்ணீர். நம் முன்னால் இருப்பவர் இதில் யார் என்று பார்ப்பதுதான் நம் வேலை.

ஜெபத்துக்கும் அனுமதி கேளுங்கள். “ஜெபிக்கலாமா, இல்ல இன்னைக்கு வேண்டாமா?” என்று கேட்டால், ‘வேண்டாம்’ என்று சொல்லவும் அவர்களுக்கு வழி இருக்கும். சரி என்றால், அவர்கள் சொன்ன வார்த்தைகளையே ஜெபமாக வையுங்கள்: “ஆண்டவரே, இவங்களுக்குத் தூக்கம் வரல, வீடு வெறிச்சோடிக் கிடக்கு.” அது போதும். வீட்டில் வேறு மதத்தவர் இருந்தால் அது சுவிசேஷக் கூட்டம் நடத்துகிற இடம் இல்லை.

இனி, நான் அதிகம் நம்புகிற ஒரு பயிற்சி. வேதத்தில் புலம்பல் என்றே ஒரு புத்தகம் இருக்கிறது. அதன் முதல் நாலு அதிகாரங்களும் எபிரெய அகரவரிசைப்படி எழுதப்பட்டவை. அந்த மொழிக்கு 22 எழுத்து. முதல், இரண்டாம், நாலாம் அதிகாரங்களில் எழுத்துக்கு ஒன்றாக 22 வசனம், மூன்றாவதில் எழுத்துக்கு மூன்றாக 66. எருசலேம் இடிந்து கிடக்கிறது. அந்த அழுகைக்கு ஒரு வரம்பு வேண்டுமென்று முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அழுதிருக்கிறார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். நமக்கு உயிரெழுத்து பன்னிரண்டு. ஒரு நோட்டைக் கொடுத்து, அ முதல் ஔ வரை எழுத்துக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை.

மனைவியைப் புற்றுநோய்க்குக் கொடுத்த ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி எழுதியதில் கொஞ்சம், அவர் அனுமதியோடு:

அ – அடுப்புப் பத்த வைக்கத் தெரியாம வீடெல்லாம் புகை.
ஆ – ஆஸ்பத்திரிக்கு முன்னமே கூட்டிட்டுப் போயிருக்கலாம்.
இ – இன்னும் ரெண்டு தம்ளர்லதான் டீ ஆத்துறேன்.
உ – உம்மேல கோவம் ஆண்டவரே.

‘உ’ எழுதிவிட்டுப் பயந்துபோய், “இப்படி எழுதலாமா?” என்று கேட்டார். சங்கீதம் 13-ஐ எடுத்துக் கொடுத்தேன்: “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” பிறகு 88. அது ஆறுதலுக்குத் திரும்பாமலே இருட்டில் முடிகிற சங்கீதம், ஆனாலும் வேதத்தில் இருக்கிறது. அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதார்.

‘ஆ’ வரிக்குத் தனியாக இரண்டு சந்திப்பு தேவைப்பட்டது. குற்ற உணர்வு வந்தால் உடனே “உங்க தப்பு இல்ல” என்று துடைத்துவிடாதீர்கள். என்ன தெரிந்திருந்தது, எப்போது தெரிந்தது என்று நாள்வாரியாகப் பேச விடுங்கள். ஒரு நர்ஸாக எனக்குத் தெரிந்த மருத்துவ உண்மையையும் சொன்னேன். விசுவாசம் பத்தாததால்தான் சாவு என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருந்தால் மட்டும் மெதுவாக, ஆனால் தெளிவாக மறுத்துவிடுங்கள்.

தற்கொலையில் போனவர்களின் வீட்டில், “என் பிள்ளை நரகத்துக்குத்தான் போயிருக்குமா?” என்று கேட்பார்கள். தீர்ப்பு சொல்கிற அதிகாரம் நமக்கில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடே அவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம் என்கிறது. மரணமும் தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்ற ரோமர் 8:38, 39-ஐ, கேட்டால் மட்டும், வாசிப்பேன்.

“நானும் அவர்கிட்டயே போயிரணும்” என்று சொன்னால் பரலோக ஏக்கம் என்று விட்டுவிடாதீர்கள். “உயிரை விடணும்னு நினைக்கிறீங்களா?” என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமென்றால் தனியே விடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, இருபத்து நாலு மணி நேரமும் இலவசம். ஆபத்து இல்லாவிட்டாலும், ஆறு மாதம் தாண்டியும் தினசரி வாழ்க்கையே நடக்காத அளவுக்குத் துக்கம் அப்படியே அழுத்தினால் அதை நீடித்த துக்கக் கோளாறாக உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் கணக்கில் எடுக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-ல் பெரியவர்களுக்கு ஒரு வருஷம் என்று வைத்தது. மருத்துவரிடம் போவது அவிசுவாசம் ஆகாது.

இன்னொன்று, எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம்: ஜெபக் குறிப்பு. துக்க வீட்டில் கேட்டதை “அந்தச் சகோதரிக்காக ஜெபிச்சுக்கோங்க” என்று கூட்டத்தில் சொன்னால் அது ஊருக்கே சொன்ன மாதிரி. அவர்களைக் கேட்காமல் பெயரைக்கூட எடுக்காதீர்கள்.

நாற்பதாம் நாளுக்குப் பிறகு வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். அப்போது போங்கள். பிறந்தநாள், கல்யாண நாள், கல்லறைத் திருநாளான நவம்பர் 2, முதல் கிறிஸ்துமஸ் எல்லாவற்றையும் டைரியில் குறித்து வையுங்கள். டிசம்பர் முதல் வாரமே போய், “இந்த வருஷம் ஸ்டார் போடணுமா, வேண்டாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். போடணும், ஆனா எப்பவும் அவர்தான் கட்டுவார் என்று சொன்னால், ஏணியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.