மலைக்கு நல்லது என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

காட்டுக்குக் கேடு என்றதும் கோடாலியும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். நீலகிரி, ஆனைமலைப் பக்கம் அருகிவரும் உயிர்களைப் பார்த்தால், நல்ல மனசோடு செய்த காரியங்களும் அவற்றை அதே அளவுக்கு வாட்டியிருப்பது தெரியும்.

முதலில், புல்வெளியைப் பார்த்து ‘சும்மா கிடக்கிற இடம்தானே’ என்று மரக்கன்று நடுவது. நீலகிரியின் மேல்மலையில் மேடெல்லாம் புல்லாக இருக்கும்; பள்ளமான மடிப்புகளில் மட்டும் சோலை. மழை நின்ற பிறகு அந்தப் புல்லின் தூரில் கையை விட்டுப் பாருங்கள், சில்லென்று ஈரம் ஒட்டும். மழையைப் பிடித்துவைத்து மெல்ல ஓடைக்கு விடுவது அந்தப் புல்தான். பவானி, பைக்காரா எல்லாம் இப்படிக் கசிந்து சேரும் நீரில் வளர்ந்தவை. இங்கே 1843-ல் தைல மரம் வந்தது. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் சீகை மரம் (வாட்டில்) வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் காத்துக் கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் குபுகுபுவென்று முளைக்கும், வெட்டியவர்கள் மறுபடி மறுபடி வந்து பிடுங்க வேண்டும். நம் மாநில விலங்கான வரையாட்டுக்கு மேய்ச்சல் அந்தப் புல்வெளிதான். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள்தான் இருந்தன. மலைக்கு ஏதாவது நட ஆசை என்றால், அந்த இடத்தில் இயற்கையாக என்ன இருந்தது என்று முதலில் கேளுங்கள். பதில் புல் என்றால் புல்லைத்தான் நட வேண்டும்.

அடுத்தது மாட்டுக்குப் போடும் வலி ஊசி. இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மடிவீக்கத்தில் துடிக்கும் மாட்டைப் பார்த்து யாருக்கும் மனசு கேட்காது. கையில் கிடைத்த டைக்ளோஃபெனாக்கைப் போடுகிறார்கள். மாடு பிழைக்காமல் இறந்தால், உடலைக் காட்டோரம் இழுத்துப் போடுகிறார்கள். அதைத் தின்னும் பாறு கழுகுக்கு (பிணந்தின்னிக் கழுகு) சிறுநீரகம் செயலிழக்கும். உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக யூரிக் அமிலம் படியும். கழுத்து தொங்கி, சில நாட்களில் கிளையிலிருந்து விழும். மாயாற்றங்கரை நீர்மருத மரங்களில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அப்படியிருக்க, ஒரு சடலத்தில் ஒரு கூட்டமே செத்தால் எப்படி மீளும்? கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் 2006-லேயே தடை செய்யப்பட்டது. பாறுகளுக்கு ஆபத்தான வேறு இரண்டு வலி மருந்துகளான கீட்டோபுரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் 2023-ல் தடைப்பட்டன. மருத்துவரிடம் மெலாக்சிகாம் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். அது பாறுகளுக்குக் கேடு செய்யாது. சிறுத்தை அடித்த மாட்டின் மேல் ஆத்திரத்தில் விஷம் தெளிப்பதும் வேண்டாம். அது சிறுத்தையோடு நிற்காது, பாறுகளையும் கொல்லும். வனத்துறையில் இழப்பீடு கேட்கலாம்.

குரங்குக்குத் தீனி போடுவதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: போடாதீர்கள். சிங்கவால் குரங்கு மரத்தைவிட்டு அதிகம் இறங்காத பிராணி. வால்பாறையில் அது சாலையைக் கடக்கும்போது அடிபடாமலிருக்க மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் காரை நிறுத்தி நீட்டும் ஒரு பிஸ்கட் போதும், அதைத் திரும்பத் தார்ச்சாலைக்கு இறக்கிவிட.

வீட்டு வாசலுக்கு அழகாக இருக்கும் என்று உண்ணிச்செடி வைப்பதையும் விட்டுவிடுங்கள். அழகுக்காக வந்த செடிதான் இன்று முதுமலையில் புதர் புதராக மண்டி, மானுக்கும் யானைக்கும் தேவையான புல்லை மூடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் குறிஞ்சி. 2018-ல் பூத்தபோது ஞாபகத்துக்கு என்று கொத்துக் கொத்தாகப் பறித்தவர்கள் உண்டு. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதைத்துவிட்டு, செடியோடு காய்ந்துபோகும். ஒரு கொத்தைப் பறித்தால், அடுத்த தலைமுறைக்கு அந்தச் செடி வைத்திருந்த விதையும் கூடவே போகிறது. அடுத்து 2030-ல் மலை நீலமாகும். போட்டோ எடுங்கள், பாதையிலேயே நில்லுங்கள், பூவைச் செடியிலேயே விட்டுவிடுங்கள்.