ஃபுளோராவின் பதில் கடிதம்: பண்டைய ஞானநெறிப் பெண்களைப் பற்றிச் சரித்திரக் கதை எழுதுவது எப்படி?

‘நாஸ்டிக்’ என்று எழுதினால் பாதிப் பேர் அதை ‘நாத்திகம்’ என்று படித்துவிடுகிறார்கள். ஆகவே முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். கிரேக்கத்தில் ‘க்னோசிஸ்’ என்றால் அறிவு. நம் ‘ஞான’மும் அதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. மறைவான அறிவால் மீட்பு கிடைக்கும் என்று நம்பிய தொடக்கக் காலக் கிறிஸ்தவக் குழுக்களின் நெறி அது. இந்த விளக்கத்தில் அதை ‘ஞானநெறி’ என்றே வைத்துக்கொள்கிறோம்.

முதல் கதைக்கு அளவு சிறிதாக இருக்கட்டும்: 3000 சொற்கள், ஓர் இரவு, இரண்டு அறைகள், பேசும் பாத்திரங்கள் மூன்று.

படி 1: பெண்ணைத் தேர்ந்தெடுப்பது

எல்லாரும் இயேசுவின் சீடரான மகதலா மரியாவிடம்தான் போவார்கள். முதல் கதைக்கு அவர் வேண்டாம். வாசகர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் மரியாவோடு மல்லுக்கட்டியே பாதிக் கதை தீர்ந்துவிடும். மார்செல்லினா இருக்கிறார்: அனிசேட்டஸ் ரோமின் ஆயராக (பிஷப்) இருந்த காலத்தில் அங்கே வந்து பலரைத் தம் பக்கம் இழுத்தவர். ஆனால் அவரைப் பற்றிக் கிடைப்பது ஞானநெறியைக் கண்டித்த எதிராளியின் சில வரிகள் மட்டுமே.

தொடக்கக்காரருக்கு ஏற்றவர் ஃபுளோரா. கி.பி. 2ஆம் நூற்றாண்டில், ஞானநெறி ஆசிரியர் வலெந்தினஸின் மாணவரான தாலமி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். யூத மறைநூலில் உள்ள மோசேயின் சட்டம் யார் தந்தது என்பதே பேச்சு. ஒரு பகுதி கடவுள் தந்தது, ஒரு பகுதி மோசே சேர்த்தது, ஒரு பகுதி மூப்பர்கள் சேர்த்தது என்று பிரித்துக் காட்டி, மணவிலக்கை உதாரணமாக எடுக்கிறார். கடைசியில், மேற்கொண்டு உள்ளதைப் பிறகு கற்பாய் என்று உறுதி சொல்கிறார். 4ஆம் நூற்றாண்டில் எபிபானியஸ் என்ற ஆயர் கண்டிப்பதற்காக முழுதாக எடுத்தெழுதியதால்தான் அந்தக் கடிதம் நமக்குக் கிடைத்தது. ஃபுளோராவின் பதில் கிடைக்கவில்லை. கதைக்கு இடம் அங்கேதான் இருக்கிறது.

படி 2: மூன்று பத்தி நோட்டு

ஒரு பக்கத்தை மூன்றாகக் கோடிடுங்கள். முதல் பத்தியில் ஞானநெறியாரே எழுதியது, இரண்டாவதில் எதிராளி சொன்னது, மூன்றாவதில் நீங்கள் கற்பனை செய்வது. ஒரு வரிகூட எழுதுமுன் முதல் இரண்டிலும் பத்துப் பத்துக் குறிப்புகளாவது இருக்க வேண்டும்.

இரண்டாவது பத்தியில்தான் பலர் சறுக்குகிறார்கள். மார்க்கஸ் என்ற ஞானநெறி ஆசிரியர் பெண்கள் கையில் கிண்ணத்தைக் கொடுத்து நன்றிச் செபம் சொல்லவைத்தார், செல்வமுள்ள பெண்களை மயக்கினார் என்று 180 வாக்கில் லியோன் ஆயர் ஐரேனியஸ் எழுதுகிறார். பெண்கள் கற்பிக்கத் துணிகிறார்கள், வாதாடத் துணிகிறார்கள் என்று கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கொதிக்கிறார். இந்த வசைகளைக் கதைசொல்லியின் குரலில் போட்டுவிட்டால் நீங்களும் வழக்குத் தொடுத்தவர் பக்கம் நின்றுவிடுவீர்கள். ஒரு பாத்திரத்தின் வாயில் போடுங்கள். வசைக்கு அடியில் இருக்கும் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: அங்கே பெண்கள் கற்பித்தார்கள், வாதாடினார்கள்.

படி 3: ஆண்டுகளைப் பூட்டுவது

வலெந்தினஸ் 140 வாக்கில் ரோமில் இருந்தார். கதையை 155க்கு வையுங்கள். எகிப்தில் நாக் ஹம்மாதி அருகே 1945இல் கிடைத்த, ஞானநெறி நூல்கள் கொண்ட 13 சுவடிகளும் 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியரின் காப்டிக் மொழியில் படியெடுக்கப்பட்டவை. அவற்றில் ஒன்றைத் தூக்கி ஃபுளோராவின் மடியில் வைத்தால் கதை அந்த இடத்திலேயே உடைந்துவிடும். அவர் கையில் இருப்பது கிரேக்கத்தில் எழுதிய பாப்பிரஸ் மடல். இன்னொன்று: அவர் தம்மைக் கிறிஸ்தவர் என்றே சொல்வார். ‘திரிபுக் கொள்கை’ என்பது மற்றவர்கள் ஒட்டிய பெயர்.

படி 4: அறையை நிரப்புவது

கோவில் கட்டடம் வேண்டாம், கூடுகை வீட்டில்தான். எண்ணெய் விளக்கின் திரி கருகினால் ஊசியால் இழுத்துவிட வேண்டும். மை என்பது புகைக்கரியும் பிசினும். ஈரப் பஞ்சால் துடைத்தால் போய்விடும். பகலை 12 மணியாகப் பிரித்ததால் ரோமில் குளிர்கால மணி ஏறத்தாழ 45 நிமிடம், கோடையில் 75. அடுக்களையில் மிளகு இருக்கலாம், நம் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறியது. அதற்காக முசிறி வணிகர் ஒருவரைக் கூட்டிவந்து ஃபுளோராவுக்கு உபதேசம் செய்யவைக்காதீர்கள். ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் பொருள்கள் சும்மா அலங்காரமாக நிற்கக் கூடாது. ‘ஆண்கள் விதித்த சட்டத்தை ஃபுளோரா எதிர்த்தாள்’ என்பது இந்த நூற்றாண்டு எழுதிய வரி. இதைப் பாருங்கள்:

*மணவிலக்கு என்ற சொல்லுக்கு வந்ததும் ஃபுளோரா விளக்கை அருகில் இழுத்தாள். நாக்கில் தொட்ட விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்தாள். எடுத்தபோது விரல்நுனி கறுத்திருந்தது. சொல்லில் பாதி இன்னும் மடலில் இருந்தது.*

அவள் மணவாழ்க்கை எப்படி என்று ஒரு வரியும் இல்லை. தேவையும் இல்லை.

படி 5: தமிழ்ச் சொற்கள்

கவனம் மிகவும் வேண்டிய படி இது. மாயை, கர்மம், முக்தி என்று கைக்கு வந்ததைப் போட்டால், அந்தச் சொற்கள் தம் வீட்டையே கூட்டிக்கொண்டு வந்துவிடும். வாசகர் சைவ சித்தாந்தத்தைப் படிக்கத் தொடங்கிவிடுவார். தெய்வ உலகின் முழுமையைக் குறிக்கும் ‘ப்ளெரோமா’வுக்கு ‘நிறைவு’ போதும். உலகைச் செய்த ‘தெமியுர்கோஸ்’ என்பதற்குச் சொற்பொருளே கைவினைஞன்தான். ‘தச்சன்’ என்றால் கதையில் உயிரோடு நிற்கும். நிறைவில் வாழும் முப்பது ஈயோன்களில் (தெய்வ ஆற்றல்களில்) கடைசியாகி, தந்தையை அறியத் துடித்து நிலைகுலைந்த சோபியாவை அந்தப் பெயராலேயே அழையுங்கள்.

மரியாதைப் பன்மையைப் பற்றி அன்றைய கிரேக்கம் கவலைப்படவில்லை, தமிழ் விடாது. தாலமி ஃபுளோராவைச் ‘சகோதரி’ என்றே விளிக்கிறார். அதனால் எழுத்தில் ‘நீ’ பொருந்தும். நேரில், அவள் வீட்டில், ‘நீங்கள்’. அடிமைப் பெண் ‘எசமானி’ என்று கூப்பிடட்டும்.

படி 6: எங்கே நிறுத்துவது

‘பிறகு கற்பாய்’ என்று சொன்னதை ஃபுளோரா கற்றாளா என்று எழுதப் போகாதீர்கள். தச்சனின் ரகசியத்தைக் கடைசிப் பக்கத்தில் அவிழ்த்துக் காட்டும் கதைகள் பிரசங்கமாகித்தான் முடிகின்றன. அவளுடைய கேள்வி ஒன்றே ஒன்றாக, ஒரு வரியில் இருக்கட்டும். ரோமில் தனியாருக்கு அஞ்சல் வசதி இல்லை. அடிமையோ பயணியோதான் கடிதம் கொண்டுபோக வேண்டும். மடலைச் சுருட்டி, நூல் கட்டி, முத்திரை வைத்து, வாசலில் நிற்பவன் கையில் அவள் கொடுக்கும்போது எழுதுவதை நிறுத்திவிடுங்கள்.