டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறீர்களா? லேப் ரிப்போர்ட்டை இப்படிப் படியுங்கள்

என் ஃபைலில் ஒரே மாதத்தில் எடுத்த இரண்டு ரிப்போர்ட்கள் இருக்கின்றன. ஒன்றில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் 1,080, இன்னொன்றில் 210. மருந்து மாறவில்லை, அளவு மாறவில்லை, லேபும் அதேதான். முதலாவது ஊசி போட்ட மூன்றாம் நாள் எடுத்தது, இரண்டாவது அடுத்த ஊசிக்கு முந்தைய நாள் எடுத்தது. 1,080ஐப் பார்த்து மருந்து அதிகமாகிவிட்டது என்று பயந்தேன், 210ஐப் பார்த்து மருந்தே வேலை செய்யவில்லை என்று நினைத்தேன், இரண்டுமே தப்பு. ஊசி போட்டு எத்தனையாவது நாள் ரத்தம் கொடுத்தோம் என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டியை எடுத்த பிறகு எனக்கு இந்தச் சிகிச்சை தொடங்கியது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னைப் போலக் குழம்ப வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் என்டோகிரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் டாக்டர்) வேலை, ஆனால் அவர் முன்னால் சரியான ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் வைப்பது நம் வேலை.

படி 1: முதல் ஊசிக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள்

டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலையில் இறங்கும், சாப்பிட்டாலும் இறங்கும். அதனால் குறைபாடு என்று முடிவு செய்ய, வெவ்வேறு நாட்களில் இரண்டு தடவை, வெறும் வயிற்றில், காலை 10 மணிக்குள் எடுத்த ரத்தம் வேண்டும். காய்ச்சலில் கிடந்தபோதோ இரவெல்லாம் தூங்காமல் இருந்துவிட்டோ போய் எடுத்தது கணக்கில் சேராது. அமெரிக்க யூராலஜி சங்கம் ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று எல்லை வைத்திருக்கிறது, கூடவே அறிகுறிகளும் இருக்க வேண்டும். மாஸ்டர் செக்கப்பில் மத்தியானம் எடுத்த ஒரே ஒரு எண்ணை நம்பி ஊசி தொடங்கியிருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

அந்தப் பழைய ரிப்போர்ட்டில் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்று இரண்டு வரிகள் இருக்கும். பிட்யூட்டரியிலிருந்து விரைகளுக்குப் போகும் கட்டளைகள் இவை. டெஸ்டோஸ்டிரோன் குறைந்து இந்த இரண்டும் ஏறியிருந்தால், மேலே கத்துகிறார்கள், கீழே வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். பிறவியிலேயே வரும் கிளைன்ஃபெல்டர் குறைபாடு, பொன்னுக்கு வீங்கி விரைகளைப் பாதித்தது எல்லாம் இந்த வகை. மூன்றுமே குறைவாக இருந்தால் கட்டளையே வரவில்லை, கோளாறு மேலே இருக்கிறது. எனக்கு அப்படித்தான் இருந்தது, அதை வைத்துத்தான் ப்ரோலாக்டின் என்ற இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோனும் எம்ஆர்ஐயும் எடுக்கச் சொன்னார்கள். ஊசி தொடங்கிவிட்டால் இந்தத் துப்பு அழிந்துவிடும் (ஏன் என்று படி 5இல் சொல்கிறேன்), எனவே அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள்.

படி 2: எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள்

ஒரு லேப் 520 என்று போடும், இன்னொன்று 5.2 என்று போடும், வெளிநாட்டில் எடுத்தால் 18 என்று வரும். மூன்றும் ஒரே அளவுதான்! முதலாவது ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை நானோகிராம் என்பது, இரண்டாவது ஒரு மில்லிலிட்டருக்கு, மூன்றாவது லிட்டருக்கு நானோமோல். நானோமோலை 28.84ஆல் பெருக்கினால் முதல் கணக்குக்கு வந்துவிடும். நான் இங்கே எழுதும் டெஸ்டோஸ்டிரோன் எண்களெல்லாம் டெசிலிட்டர் கணக்கு.

படி 3: ரத்தம் கொடுக்கும் நாளை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்

இதுதான் முக்கியமான படி. எனக்குப் போட்டது எனாந்தேட் என்ற வகை, 250 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒன்று. இது எண்ணெயில் கரைத்த மருந்து, தசையில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குப் போகும். ஆனால் சமமாகப் போகாது. முதல் இரண்டு மூன்று நாளில் மளமளவென்று ஏறி, பிறகு நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஏறக்குறையப் பாதியாகிக்கொண்டே வரும். முதல் வாரம் தெம்பாக இருந்து மூன்றாம் வாரம் சோர்ந்து போய், வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான் என்று அப்புறம்தான் புரிந்தது.

எனாந்தேட், அதைப் போன்ற சிப்பியோனேட் ஊசி போடுகிறவர்கள் இரண்டு ஊசிகளுக்கு நடுவில் ரத்தம் கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் ஏழாம் நாள், வாரம் ஒன்று என்றால் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ. அந்த நடுநாளில் 350 முதல் 600 வரை இருக்க வேண்டும் என்பது அமெரிக்க என்டோகிரைன் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல். 1,000 மில்லிகிராம் அன்டெகனோயேட், அதாவது 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை போடும் பெரிய ஊசி என்றால் கணக்கு வேறு, அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால் எடுக்க வேண்டும். ஜெல் தடவுகிறவர்கள் தொடங்கி ஒரு வாரமாவது ஆன பிறகு, தடவிய 2 முதல் 8 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ஜெல் தடவிய கையிலேயே ஊசி குத்தி ரத்தம் எடுத்தால், தோலில் இருக்கும் மருந்து கலந்து எண் எங்கேயோ போய் நிற்கும், அதனால் தடவாத இடத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, முடி கொட்டுகிறது என்று பலரும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். பல லேப்களில் இருக்கும் சோதனை முறையை அது குழப்பிவிடும், டெஸ்டோஸ்டிரோன் உள்ளதைவிட அதிகமாகவும் எல்ஹெச் குறைவாகவும் காட்டும். எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பது மாத்திரையின் அளவைப் பொறுத்தது, இரண்டு மூன்று நாளாவது நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

படி 4: மொத்தம் வேறு, ஃப்ரீ வேறு

ரத்தத்தில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எஸ்ஹெச்பிஜி என்ற புரதம் இறுகப் பிடித்துக்கொள்ளும், ஆல்புமின் லேசாகப் பிடித்திருக்கும். எதிலும் ஒட்டாமல் சுதந்திரமாக இருப்பது 2 முதல் 3 சதவீதம்தான். உடல் பருமனும் டைப் 2 சர்க்கரை நோயும் இருப்பவர்களுக்கு எஸ்ஹெச்பிஜி குறைந்திருக்கும், அதனால் மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும் ஃப்ரீ சரியாகவே இருக்கலாம். வயதானாலோ கல்லீரல் பாதித்தாலோ நேர்மாறு. மொத்த எண்ணும் உங்கள் உடம்பு சொல்வதும் பொருந்தவில்லை என்றால் எஸ்ஹெச்பிஜியும் ஆல்புமினும் எடுத்து, அதிலிருந்து ஃப்ரீயைக் கணக்கிடுவது நல்லது. ஃப்ரீயை நேரடியாக அளப்பதாகச் சொல்லும் சாதாரண கிட் அவ்வளவு நம்பகமானது இல்லை.

படி 5: எல்ஹெச் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வந்தால்

பயப்பட வேண்டாம், ஆனால் புரிந்துகொள்ளுங்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வருவதை மூளை கண்டுபிடித்துவிடும், இனி கட்டளை எதற்கு என்று எல்ஹெச்சையும் எஃப்எஸ்ஹெச்சையும் நிறுத்திவிடும். விரைகள் ஓய்வெடுக்கும், சுருங்கவும் செய்யும். விந்தணு உருவாக விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு, அதை வெளி ஊசியால் ஈடுகட்ட முடியாது. அதனால் ரத்தத்தில் எண் அழகாக இருக்கும்போதே விந்தணு எண்ணிக்கை பூஜ்ஜியமாகலாம். உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறது!

கல்யாணம் ஆகாதவர்களும், குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும் தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள். ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று தானாக ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு வருஷம் கழித்துக் குழந்தையில்லை என்று வந்து உட்காருகிற தம்பிகளை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும், ஆனால் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். என் மாதிரி பிட்யூட்டரி கோளாறு உள்ளவர்களுக்கு ஹெச்சிஜி ஊசி என்று வேறு வழி இருக்கிறது, விரைகளையே வேலை செய்ய வைக்கும். முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

படி 6: எஸ்ட்ரடையால்

டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி, முக்கியமாகக் கொழுப்புத் திசுவில், எஸ்ட்ரடையால் என்ற பெண் ஹார்மோனாக மாறும். ஆணுக்கும் அது வேண்டும், எலும்புக்கு, பாலுறவு ஆசைக்கு. கொஞ்சம் ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு, அதைக் குறைக்கும் அனஸ்ட்ரசோல் மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். மார்புக் காம்பில் வலியோ வீக்கமோ இருந்தால் டாக்டரைப் பாருங்கள், ஒன்றும் இல்லை என்றால் இந்த எண்ணைத் துரத்த வேண்டியதில்லை.

படி 7: ஹார்மோன் அல்லாத இரண்டு எண்கள்

என்னைக் கேட்டால் ஹீமட்டோக்ரிட்தான் இந்த ஃபைலிலேயே தவறவிடக் கூடாத எண். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது அது. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும், ரத்தம் கெட்டிப்படும். ஜெல்லைவிட ஊசியில் இது அதிகம். தொடங்கும் முன் ஒன்று, 3 முதல் 6 மாதத்துக்குள் ஒன்று, பிறகு வருஷத்துக்கு ஒன்று எடுக்க வேண்டும். 54 சதவீதத்தைத் தாண்டினால் இறங்கும் வரை மருந்தை நிறுத்தி வைப்பார்கள். எனக்கு 52 வரை போனது. தண்ணீர் குடிக்காமல் போனாலும் கூடுதலாகக் காட்டும், குறட்டையோடு மூச்சுத் திணறுகிறவர்களுக்கும் சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும் இன்னும் ஏறும்.

2023இல் வந்த ட்ராவர்ஸ் ஆய்வில் 5,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பார்த்தார்கள், எல்லோரும் இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ளவர்கள். ஜெல் தடவியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை, ஆனால் ஒழுங்கற்ற இதயத்துடிப்பும் நுரையீரலில் ரத்தம் உறைவதும் சற்று அதிகமாக இருந்தது. காலில் ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று பிஎஸ்ஏ, ப்ராஸ்டேட்டுக்கானது. எந்த வயதிலிருந்து உங்களுக்குத் தேவை என்று டாக்டர் சொல்வார். முதல் வருஷத்தில் ஆரம்ப அளவைவிட, மில்லிலிட்டர் கணக்கில், 1.4 நானோகிராமுக்கு மேல் ஏறினால் யூராலஜிஸ்டைப் பார்க்க வேண்டும்.

படி 8: ஒரு நோட்டுப் போடுங்கள்

மூன்று வாரத்துக்கு ஒரு பெரிய ஊசி என்பதை மாற்றி, வாரம் 100 மில்லிகிராம் என்று எனக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஏற்ற இறக்கம் குறைந்தது. ஒவ்வொரு ரிப்போர்ட்டின் தலையிலும் பேனாவால் நான் எழுதுவதை அப்படியே கொடுக்கிறேன், நீங்கள் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளலாம்:

ஊசி: எனாந்தேட் 100, ஞாயிறு காலை 8. ரத்தம்: வியாழன் காலை 8.30, வெறும் வயிறு, நான்காம் நாள். பயோட்டின் இல்லை. மொத்த டெஸ்டோஸ்டிரோன் 520. ஹீமட்டோக்ரிட் 47. பிஎஸ்ஏ 0.9. தூக்கம் பரவாயில்லை, ஞாயிறு நெருங்கும்போது சோர்வு இல்லை.