'கெட்' என்ற சொல்லைப் பயன்படுத்துவது எப்படி?

ஆங்கில அகராதியில் 'கெட்' (get) என்ற சொல்லைத் தேடினால் பொருள்கள் பக்கக் கணக்கில் போகும். அதை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். அதற்கு அடுத்து என்ன மாதிரிச் சொல் வருகிறது என்று மட்டும் பாருங்கள், முக்கால்வாசி அங்கேயே தெளிந்துவிடும்.

பொருளின் பெயர் வந்தால் கிடைப்பது, வாங்குவது, கொண்டுவருவது. 'ஐ காட் எ ஜாப்' என்றால் எனக்கு வேலை கிடைத்தது ('காட்' என்பது 'கெட்'டின் இறந்தகால வடிவம்). 'கெட் மீ சம் வாட்டர்' என்றால் கொஞ்சம் தண்ணீர் கொண்டு வா. சளி, காய்ச்சல் வருவதும் இதே வகைதான்.

நிலையைச் சொல்லும் சொல் வந்தால் 'ஆகிறது' என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'ஐ ஆம் டயர்ட்' என்றால் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கிறேன், 'ஐ ஆம் கெட்டிங் டயர்ட்' என்றால் களைப்பு வந்துகொண்டிருக்கிறது. இடம் வந்தால் போய்ச் சேர்வது: 'கெட் டு தி ஆபீஸ்', ஆனால் 'கெட் ஹோம்', ஹோமுக்கு முன்னால் 'டு' வேண்டாம்.

நம்மில் பலர் தடுமாறும் இடம் அடுத்தது, கொஞ்சம் நின்று பார்க்கலாம். சலூனுக்குப் போய் வந்து 'முடி வெட்டிக்கிட்டேன்' என்கிறோம், அதையே 'ஐ கட் மை ஹேர்' என்று சொன்னால் கேட்பவர் நீங்களே கண்ணாடி முன் நின்று கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டதாகத்தான் நினைப்பார். 'ஐ காட் மை ஹேர் கட்' என்பதே சரி. அதாவது கெட், பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம் ('கோ, வென்ட், கான்' வரிசையில் 'கான்' போல). 'ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்', 'ஐ காட் தி ஹவுஸ் பெயின்டட்' எல்லாம் இதே அச்சுதான், வேலையைச் செய்தது வேறு ஆள். அந்த ஆளையும் சொல்ல வேண்டுமென்றால் 'டு' சேரும்: 'ஐ காட் ஹிம் டு சைன்', அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன். இதே இடத்தில் 'மேக்'கின் இறந்தகாலமான 'மேட்' போட்டால் 'டு' கிடையாது, 'ஐ மேட் ஹிம் சைன்' என்றுதான் வரும், ஆனால் அதில் கட்டாயப்படுத்திய தொனி இருக்கும். 'காட்' என்றால் பேசிச் சம்மதிக்க வைத்ததாகவும் இருக்கலாம்.

நடுவில் பொருள் இல்லாமல் மூன்றாம் வடிவம் நேராக வந்தால் நமக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று அர்த்தம், பெரும்பாலும் கெட்டதுதான். 'மை போன் காட் ஸ்டோலன்', போன் திருடுபோய்விட்டது.

அப்புறம் வண்டிகள். எழுந்து நடக்க இடமிருக்கும் பஸ், ரயில், விமானம் என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. கார், ஆட்டோ என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட்'. பைக், சைக்கிள் மேலே ஏறி உட்காருவதால் அவையும் 'ஆன்' பக்கம். பஸ்ஸில் நாம் சொல்லும் 'கெட் டவுன்' இந்தியாவில் எல்லோருக்கும் புரியும், வெளிநாட்டவரிடம் 'கெட் ஆஃப்' என்றே சொல்லுங்கள்.

'ஐ ஹாவ் காட் எ கார்' என்றால் கார் இருக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்கர்கள் 'காட்'டுக்குப் பதில் 'காட்டன்' (gotten) போட்டு 'ஐ ஹாவ் காட்டன்' என்றால் அது புதிதாகக் கிடைத்ததைக் குறிக்கும். பிரிட்டனில் இந்த வடிவம் அவ்வளவாகப் புழங்குவதில்லை. 'ஐ ஹாவ் காட் டு கோ' என்றால் போயே ஆக வேண்டும்.

இவ்வளவும் பேச்சுக்கும் நண்பர்களுக்கு அனுப்பும் மெசேஜுக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதோ அலுவலகக் கடிதத்திலோ முடிந்தவரை 'ரிசீவ்', 'ஒப்டெய்ன்', 'பிகம்' என்று இடத்துக்குத் தக்க சொல்லைப் போடுங்கள்.